எண்பது வயது முதுகுக்கு எந்த ஆம்பூல்?

கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரிகளுக்குப் போய் மயக்க மருந்து கொடுப்பது என் தொழில். சொந்தமாக ஆஸ்பத்திரி இல்லை. ஒரு பை உண்டு, அதற்குள் என் மருந்துகள். எந்த ஊர் தியேட்டரில் எது இருக்கும் என்று சொல்ல முடியாததால், இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்ய முதுகில் ஊசியாகப் போடுகிற ஸ்பைனல் மருந்தை என் காசிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறேன். ஆகவே இதை காசு கொடுத்து வாங்கிய வாடிக்கையாளரின் விமர்சனம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கம்பெனியும் எனக்கு ஒரு பேனாகூடக் கொடுக்கவில்லை என்று எழுத வந்தேன்; ஒருவர் கொடுத்தார், அது எழுதவில்லை. கம்பெனிப் பெயர்களையும் சொல்லப்போவதில்லை. உள்ளே இருக்கிற மருந்துதான் விஷயம்.

என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். பாத்ரூமில் வழுக்கி இடுப்பு எலும்பை முறித்துக்கொண்ட பாட்டிகள், புரோஸ்டேட் வீங்கி சிறுநீர் அடைத்துக்கொண்ட தாத்தாக்கள், சர்க்கரையில் கால் அழுகியவர்கள், வருஷக்கணக்காக வேட்டிக்குள் மறைத்து வைத்திருந்த குடலிறக்கத்தோடு வருகிறவர்கள். இவர்களுக்கெல்லாம் ஸ்பைனல்தான் வழக்கம். சந்தையில் இப்போது நாலைந்து மருந்துகள் கிடைக்கின்றன. மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகளைக் கேட்டால் ஒவ்வொன்றும் முதியவர்களுக்கென்றே பிறந்தது.

முதலில் அந்த உடம்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வயதாக ஆகத் தண்டுவடத்தைச் சுற்றியிருக்கும் நீர் குறைகிறது. நரம்பு உறைகள் மெலிகின்றன. அதனால் முப்பது வயதுக்காரருக்குத் தொப்புள் வரை மரக்கச் செய்யும் அதே அளவு, எண்பது வயதில் மார்புவரை ஏறிவிடும். மருந்து ஏறும்போது ரத்தக்குழாய்களை இறுக்கிப் பிடித்திருக்கும் நரம்புகளும் சேர்ந்து தூங்கிவிடுகின்றன. குழாய்கள் தளர்ந்து, ரத்தம் கால்களிலேயே தேங்கி, பிரஷர் இறங்குகிறது. இளம் இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டும். விறைத்துப்போன முதிய இதயத்தால் அது முடியாது. உள்ளே வருகிற ரத்தத்தை நம்பித்தான் அது ஓடிக்கொண்டிருக்கிறது. காலையில் டெல்மிசார்ட்டான் என்ற பிரஷர் மாத்திரையும் போட்டுவிட்டு வந்திருந்தால் கேட்கவே வேண்டாம். ஆகவே முதியவருக்கு ஸ்பைனல் மருந்து தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பது மூன்று: பிரஷரை எவ்வளவு இறக்கும், எவ்வளவு நேரம் நிற்கும், எத்தனை சீக்கிரம் காலைத் திருப்பிக் கொடுக்கும்.

பழைய ஆளான பியூபிவக்கெய்ன் ஹெவியிலிருந்து தொடங்குகிறேன். 1957இல் ஸ்வீடனில் உருவான மருந்து. நம் ஊரில் 4 மி.லி. கண்ணாடி ஆம்பூல், 0.5 சதவீதம், மி.லி.க்கு 80 மி.கி. டெக்ஸ்ட்ரோஸ் சேர்த்தது. அந்தச் சர்க்கரைதான் அதை 'ஹெவி' ஆக்குகிறது. தண்ணீர் டம்ளரில் ஊற்றிய பாகு மாதிரி, தண்டுவட நீருக்குள் பள்ளம் பார்த்து இறங்கும். உட்காரவைத்துப் போட்டு அப்படியே வைத்திருந்தால் ஆசனவாய்ப் பக்கம் மட்டும் மரக்கும்; மல்லாக்கப் படுக்கவைத்தால் முதுகின் வளைவில் ஓடி மார்புப் பகுதிப் பள்ளத்தில் போய்த் தங்கும். கூன் விழுந்த முதுகில் அந்தப் பள்ளம் இன்னும் ஆழம். பாட்டிகளுக்கு மருந்து எதிர்பாராத உயரத்துக்குப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த மருந்தின் பெரிய பலம் நம்பகத்தன்மை. ஊசி சரியான இடத்தில் இருந்து, தெளிவான நீர் வந்து, மருந்து உள்ளே போனால் வேலை செய்யும். அறுவை மேசையில் ஆளைப் படுக்கவைத்து, "தாத்தா, காலைத் தூக்குங்க பாப்போம்" என்றால், "எந்தக் காலும்மா?" என்பார். "எது வேணாலும்." "ரெண்டும் இருக்குல்ல?" என்று கேட்பார். அந்தக் கேள்வி வந்துவிட்டால் நான் சர்ஜனுக்குத் தலையாட்டிவிடலாம். இன்னொரு பலம், எங்கே போனாலும் கிடைக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் நம் தேசியப் பட்டியலிலும் இருக்கிறது; விலையும் கட்டுக்குள் இருக்கிறது.

குறை என்றால், ஆம்பூலில் 4 மி.லி. இருப்பதுதான். இதை மருந்தின் குறை என்பதைவிட எங்கள் பழக்கத்தின் குறை என்று சொல்லலாம். 4 மி.லி. கையில் இருக்கும்போது 3 மி.லி. போடத் தோன்றுகிறது. சர்ஜனும் பக்கத்தில் நின்றுகொண்டு, "மேடம், மூணு போட்டுடுங்க, பாதியில விட்டுடக் கூடாது" என்பார். 3 மி.லி. என்றால் 15 மி.கி. நாற்பது கிலோ எடையுள்ள, எண்பத்தைந்து வயதுப் பாட்டிக்கு அது தேவையே இல்லை. பிரிட்டன் மயக்கவியலாளர் சங்கம் இடுப்பு எலும்பு முறிவுக்காக 2011இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே 10 மி.கி.க்குக் கீழே போட்டால் பிரஷர் இறங்குவது குறையும் என்று சொல்லியிருக்கிறது. அதற்கும் முன்னால், 2000இல், பென்-டேவிட் குழுவின் சின்ன ஆய்வு ஒன்று உண்டு. எழுபது வயதுக்கு மேற்பட்ட இருபது பேர். பத்துப் பேருக்கு 10 மி.கி. பியூபிவக்கெய்ன், மற்றப் பத்துப் பேருக்கு வெறும் 4 மி.கி.யோடு 20 மைக்ரோகிராம் ஃபென்டனில் (மார்ஃபின் வகை வலிமருந்து). முதல் குழுவில் ஒன்பது பேருக்குப் பிரஷர் இறங்கியது. இரண்டாவதில் ஒருவருக்குத்தான்.

ஆள் எண்ணிக்கை குறைவுதான். ஆனாலும் அந்த ஒன்பதுக்கும் ஒன்றுக்கும் நடுவில் பியூபிவக்கெய்னுக்குப் பதிலாக வேறு மருந்து வரவில்லை என்பதைக் கவனியுங்கள். அதன் அளவு குறைந்தது, கூடவே கொஞ்சம் ஃபென்டனில் சேர்ந்தது, அவ்வளவுதான். பிரதிநிதி நீட்டுகிற எந்தப் புது ஆம்பூலும் எனக்கு இத்தனை பெரிய வித்தியாசத்தைக் காட்டியதில்லை.

நான் 4 மி.கி. வரைக்கும் இறங்குவதில்லை. காரணம் எளிது: நம் ஊர்ச் சின்ன தியேட்டரில் சி-ஆர்ம் எக்ஸ்ரே மெஷின் சரியான கோணத்துக்கு வந்து சேரவே நேரம் ஆகும். இடுப்பு முறிவுக்கு 1.5 மி.லி., அதாவது 7.5 மி.கி., கூடவே 20 மைக்ரோகிராம் ஃபென்டனில் என்பது என் வழக்கம். குட்டையான, மெலிந்த பாட்டியென்றால் இன்னும் கொஞ்சம் குறைவு. ஃபென்டனில் சேர்த்தால் மரப்பின் தரம் கூடும், பிரஷரை அது தனியாக இறக்காது. சிலருக்கு மூக்கு அரிக்கும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஃபென்டனில் போதைமருந்துச் சட்டத்தின் கீழ் வருவது. அங்கீகாரம், பதிவேடு, பூட்டிய அலமாரி எல்லாம் வேண்டும். பல சின்ன ஆஸ்பத்திரிகள் அந்த வம்பே வேண்டாம் என்று விட்டுவிடுகின்றன. அங்கே பியூப்ரனார்ஃபின் சேர்ப்பவர்கள் உண்டு. வாந்தி கொஞ்சம் கூடும். குளோனிடின் சேர்ப்பவர்களும் உண்டு. முதியவர்களுக்கு நான் அதைத் தொடுவதில்லை. ஏற்கெனவே இறங்குகிற பிரஷரை அதுவும் சேர்ந்து இறக்கும், தூக்கத்தையும் கூட்டும்.

அடுத்து ரோபிவக்கெய்ன் ஹெவி. முன்பெல்லாம் சாதா ரோபிவக்கெய்னோடு டெக்ஸ்ட்ரோஸை நாமே கலந்துதான் முதுகில் போட முடியும். எனக்கு அந்தச் சமையல் வேலையில் நம்பிக்கை இருந்ததில்லை. இப்போது 0.75 சதவீத ஹெவியாகவே ஆம்பூலில் வருகிறது. பியூபிவக்கெய்னின் மூன்றில் இரண்டு பங்கு வீரியம்தான் இதற்கு. எனவே 2 மி.லி., அதாவது 15 மி.கி., ஏறத்தாழ 10 மி.கி. பியூபிவக்கெய்னுக்குச் சமம். இந்தக் கணக்கைச் செய்யாமல் "ரோபி போட்டேன், பிரஷர் இறங்கவே இல்லை" என்று மெச்சுகிறவர்கள், பாதி நேரம் குறைந்த வீரியத்தைத்தான் மெச்சிக்கொண்டிருக்கிறார்கள். சம வீரியத்துக்கு வைத்துப் பார்த்தால் பிரஷர் விஷயத்தில் வித்தியாசம் சுருங்கிவிடுகிறது என்பது என் அனுபவம்.

ஆனால் ஒரு விஷயத்தில் ரோபி உண்மையிலேயே ஜெயிக்கிறது. கால் சீக்கிரம் திரும்பி வருகிறது. புரோஸ்டேட் ஆபரேஷன், குடலிறக்கம், காலில் சதை வெட்டிச் சுத்தம் செய்வது போன்ற ஒரு மணி, ஒன்றரை மணி நேர வேலைகளுக்கு இது எனக்குப் பிடித்துவிட்டது. வார்டுக்குப் போனதும் தாத்தா கால் கட்டைவிரலை ஆட்டுகிறார், குடும்பத்துக்கும் நிம்மதி. இரவு முழுக்க மரத்த காலோடு கிடக்கிற முதியவருக்குச் சிறுநீர் அடைக்கிறது, குதிகாலில் புண் வருகிறது. தன் கால் எங்கே என்று தெரியாமல் கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்து விழுகிறவர்களும் உண்டு. இதற்குப் பியூபியைவிடக் கூடுதலாகக் கொடுக்கும் காசு தகும். இடுப்பு முறிவுக்கு மட்டும் யோசிப்பேன். சர்ஜனின் கைவேகம் தெரிந்த தியேட்டர் என்றால் போடலாம், புது இடம் என்றால் பியூபிதான்.

லெவோபியூபிவக்கெய்னைப் பற்றி நீளமாக எழுத ஒன்றுமில்லை. ஆனால் அதை விற்கும் விதத்தைப் பற்றி எழுத வேண்டும். "மேடம், இதயத்துக்குப் பாதுகாப்பு, வயசானவங்களுக்கு இதான் சரி" என்பார்கள். இதயத்துக்குப் பாதுகாப்பு என்பது பொய்யில்லை. 1979இல் ஆல்பிரைட் என்ற மயக்கவியலாளர், பியூபிவக்கெய்னும் எடிடோகெய்ன் என்ற இன்னொரு மரப்பு மருந்தும் தவறி ரத்தத்துக்குள் போனபோது இதயம் நின்றுபோன நிகழ்வுகளைப் பற்றி எழுதினார். அதற்குப் பிறகு வந்த தேடலில்தான் ரோபியும் லெவோவும் சந்தைக்கு வந்தன. ஆனால் அந்த ஆபத்து எபிடியூரலிலும் (தண்டுவட உறைக்கு வெளியே மருந்து விடுவது) நரம்பு பிளாக்கிலும் (கைக்கோ காலுக்கோ போகும் நரம்பை மட்டும் மரக்கச் செய்வது) போடும் பெரிய அளவுகளில் வருவது. முதுகில் நான் போடுவது ஏழரை மி.கி. அது முழுவதும் ரத்தத்துக்குள் போனாலும் இதயத்தை நிறுத்திவிடாது. ஸ்பைனலில் இதயத்துக்கு வருகிற ஆபத்து பிரஷர் இறங்குவதால் வருவது. அதில் லெவோவுக்குத் தனிப்பெருமை எதுவும் இல்லை. போதாக்குறைக்கு, நான் பார்த்த ஆம்பூல்கள் சர்க்கரை சேர்க்காத பிளெயின் வகை. எங்கே போய் நிற்கும் என்பதை உறுதியாகக் கணிக்க முடியாது. லெவோவுக்கான காசை நரம்பு பிளாக்குக்குச் செலவழியுங்கள், அங்கே அது நியாயம்.

பிளெயின் வகை என்றதும் ஒரு சின்ன நியாயம் செய்ய வேண்டும். முறிந்த இடுப்பு கீழே இருக்கும்படி பக்கவாட்டில் படுக்கவைத்து ஹெவி போட்டால் மரப்பு அந்தப் பக்கமே கூடுதலாக இருக்கும். அளவும் பிரஷரும் மிச்சம். ஆனால் முறிந்த பக்கத்தின் மேலேயே படு என்று பாட்டியிடம் சொல்ல மனம் வராது. பிளெயின் மருந்து உடல் சூட்டில் தண்டுவட நீரைவிட ஒரு நூலிழை லேசானது. அதனால் முறிந்த பக்கத்தை மேலே வைத்தே போடலாம். சிலர் இதை அழகாகச் செய்கிறார்கள். நான் வேறு வழியில் போகிறேன்: முதலில் தொடையின் மேற்பகுதியில் ஃபேஷியா இலியாக்கா பிளாக், இருபது நிமிஷம் பொறுமை, அப்புறம் வலியில்லாமல் திருப்பிப் படுக்கவைத்து ஹெவி. மருந்து பிரதிநிதிகள் யாரும் இந்த இருபது நிமிஷத்தை விற்பதில்லை. முதியவர்களுக்கு ஸ்பைனல் போடுவதில் பெரிய வசதி இதுதான்.

குளோரோபுரோகெய்ன் 1 சதவீதம். பழைய மருந்துக்குப் புது வாழ்வு. 1980களில் இதன் பெயர் கெட்டுப்போயிருந்தது; அமிலத்தன்மையுள்ள கரைசலில் சேர்த்திருந்த பைசல்பைட் என்ற பதப்படுத்தியால் நரம்பு பாதித்தது என்று சந்தேகித்தார்கள். இப்போது வருவது பதப்படுத்தி இல்லாதது. அமெரிக்காவில் ஸ்பைனலுக்கென்று 2017இல் அனுமதி கிடைத்தது, 5 மி.லி., 50 மி.கி. முக்கால் மணி நேரத்தில் முடிகிற வேலைக்கு அருமை: சிறுநீர்ப்பைக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது, ஆசனவாய்ச் சீழ்க்கட்டி. மாலையே ஆள் நடந்து வீட்டுக்குப் போகலாம். ஆனால் உங்கள் சர்ஜன் "அரை மணி நேரம்தான் மேடம்" என்று சொல்லிவிட்டு ஒன்றரை மணி நேரம் எடுப்பவர் என்றால் இதைத் தொடாதீர்கள். அப்படிப்பட்டவர்களை எனக்குத் தெரியும். அதனால் இது என் பையில் எப்போதாவதுதான் இருக்கும்.

5 சதவீத லிக்னோகெய்ன் ஹெவி. சில இடங்களில் இன்னும் அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது. 1991இல் இதை மெல்லிய கதீட்டர் குழாய் வழியாகத் தொடர்ந்து கொடுத்தவர்களுக்கு நரம்பு பாதித்ததும், 1993இல் ஒற்றை ஊசிக்குப் பிறகே தொடையிலும் பிட்டத்திலும் சில நாள் எரிவலி வந்ததும் பதிவாகியிருக்கின்றன. காலைத் தூக்கிக் கட்டிச் செய்கிற ஆபரேஷன்களில் அந்த வலி கூடுதல். புரோஸ்டேட் ஆபரேஷன் அப்படித்தான் நடக்கிறது. தேவையில்லை.

இனி பாட்டிலும் பெட்டியும். இதைச் சொல்லாமல் இந்த விமர்சனம் முடியாது. சில கம்பெனிகள் ஆம்பூலைத் தனித்தனியாக ஸ்டெரைல் உறையில் போட்டுத் தருகின்றன. உறையைப் பிரித்து நேராக என் டிரேயில் போடலாம். வேறு சில வெறும் அட்டைப் பெட்டியில் வருகின்றன. வெளியே நின்று நர்ஸ் பிடித்துக்கொள்ள, நான் ஊசியை விட்டு உறிஞ்ச வேண்டும். உறையில் வருவதற்குக் கொஞ்சம் காசு கூட. கொடுங்கள். 0.5 சதவீத 20 மி.லி. பியூபி வயல் என்று இன்னொன்று உண்டு, மெத்தில் பாரபென் என்ற பதப்படுத்தி சேர்த்தது. அது பிளாக்குக்கு. முதுகுப் பக்கமே கொண்டு போகக் கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியம் டிரானெக்ஸாமிக் ஆசிட். ரத்தக் கசிவைக் குறைக்க எலும்பு ஆபரேஷன்களில் அதே தியேட்டரில், அதே டிராலியில் இருக்கும் மருந்து. சில கம்பெனிகளின் ஆம்பூல் பியூபி ஆம்பூலைப் போலவே அளவும் நிறமும் கொண்டது. அதை முதுகில் போட்டால் கடும் வலிப்பும் இதயத்துடிப்புக் கோளாறும் வரும். பதிவான நிகழ்வுகளில் ஏறக்குறைய பாதிப் பேர் இறந்திருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் இதற்கென்றே எச்சரிக்கை வெளியிட்டது. ஆகவே எந்த பிராண்ட் பியூபி வாங்கலாம் என்று என்னைக் கேட்டால், உங்கள் தியேட்டரில் இருக்கும் டிரானெக்ஸாமிக் ஆம்பூலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, அதைப் போலவே தெரியாத பிராண்டை வாங்குங்கள் என்பேன். டிரானெக்ஸாமிக்கை என் டிராலியிலேயே வைக்க விடுவதில்லை. இதற்காக நர்ஸ்கள் என்னைச் சிடுமூஞ்சி என்கிறார்கள், சொல்லட்டும்.

ஸ்பைனல் மருந்து தவிரப் பையில் இருக்க வேண்டியவை: பிரஷரை ஏற்ற மெஃபென்டெர்மின், ஃபினைலெஃப்ரின்; நாடித்துடிப்பைக் கூட்ட அட்ரோபின். முதியவருக்குப் பிரஷர் இறங்காமல் இருக்க முன்கூட்டியே ஒரு லிட்டர் சலைன் ஏற்றுவது பழைய பழக்கம். அது குழாய்கள் தளர்வதைத் தடுப்பதில்லை. மாலையில் மருந்து தெளிந்து குழாய்கள் மறுபடி இறுகும்போது அந்த ஒரு லிட்டர் நுரையீரலில் போய் நிற்கும். ஸ்பைனல் போடும்போதே அளவாகச் சலைன் ஓடட்டும். ஃபினைலெஃப்ரின் கையில் தயாராக இருக்கட்டும். நாடித்துடிப்பு மெதுவாக இருப்பவருக்கு ஃபினைலெஃப்ரின் அதை இன்னும் மெதுவாக்கும், அங்கே மெஃபென்டெர்மின்.

"முழு மயக்கம் வேண்டாம், முதுகில போடுங்க, அதான் ஆபத்து இல்லாதது" என்று குடும்பத்தார் கேட்பார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் இடுப்பு முறிந்த 1,600 பேரை வைத்துச் செய்த ரீகெய்ன் ஆய்வு 2021இல் வந்தது. அறுபது நாளில் இறந்தவர்கள் அல்லது இன்னொருவர் துணையில்லாமல் நடக்க முடியாமல் போனவர்கள், ஸ்பைனலில் 18.5 சதவீதம், முழு மயக்கத்தில் 18 சதவீதம். வித்தியாசம் இல்லை. ஸ்பைனல், முழு மயக்கம் இரண்டில் எதுவானாலும் ஒன்றுதான் என்று ஆய்வே சொல்லும்போது, ஸ்பைனலுக்குள் ஆம்பூலுக்கு ஆம்பூல் உயிர்காக்கும் வித்தியாசம் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். சௌகரியத்தில் வித்தியாசம் உண்டு. அதற்குத்தான் இந்த விமர்சனம்.

நோயாளி வீட்டார் இதைப் படித்துக்கொண்டிருந்தால், மயக்க டாக்டரிடம் மருந்துப் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டாம். (மயக்க டாக்டர் என்று ஒருவர் இருக்கிறார். பெண்ணாக இருந்தால் நர்ஸ் என்று நினைத்து "டாக்டர் எப்ப வருவாங்க" என்று அவரிடமே கேட்கிறீர்கள்; பரவாயில்லை.) நீங்கள் சொல்ல வேண்டியவை வேறு. குளோபிடோக்ரெல் போன்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறாரா, கடைசியாக எப்போது சாப்பிட்டார்? ஆஸ்பிரின் மட்டும் என்றால் பெரும்பாலும் தடையில்லை; குளோபிடோக்ரெல் என்றால் ஐந்து முதல் ஏழு நாள் இடைவெளி வேண்டும், இல்லையென்றால் பொதுவாக முதுகில் ஊசி போடுவதில்லை. காலையில் எந்த பிரஷர் மாத்திரை கொடுத்தீர்கள்? நடக்கும்போது மூச்சு வாங்குமா, மயங்கி விழுந்ததுண்டா? இதயத்தின் வால்வு சுருங்கியிருப்பது அந்தக் கேள்வியில்தான் பல நேரம் பிடிபடும். மாத்திரைச் சீட்டுகளை அப்படியே பையோடு கொண்டுவந்தால் போதும்.

இப்போது என் பையில் இருப்பது: உறையிட்ட பியூபி ஹெவி ஒரு பெட்டி, ரோபி ஹெவி சில ஆம்பூல்கள். குளோரோபுரோகெய்ன் குறிப்பிட்ட ஒரு சர்ஜன் கூப்பிடும்போது மட்டும். லெவோ பிளாக்குக்கு. மூன்றரை மி.லி. பியூபி கேட்கிற சர்ஜன்களுக்கு என்ன போட்டேன் என்று நான் சொல்வதில்லை. அவர்கள் வேலை முடிகிறவரை மரப்பு நின்றால் யாரும் கேட்பதும் இல்லை. எத்தனை மி.லி. என்பது கேஸ் ஷீட்டில் என் கையெழுத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம்.